வேர் கொடுத்த பால்

அக்கா,

இன்று பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் என் சீட்டில் இருந்த 'ரத்தக் கொதிப்பு' என்பதை நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். இந்த வயதில் படிக்கக் கற்றதற்கு முதல் பலன், என் நோயின் பெயர்! அந்தச் சந்தோஷத்தில் டாக்டரம்மாவிடம் உன் கதையைச் சொன்னேன். சர்ப்பகந்தி வேர் என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அது கொதிப்பைக் குறைக்கும், தாத்தா. கூடவே ரத்தத்துல புரோலாக்டின்னு ஒரு ஹார்மோனை ஏத்திவிட்டுடும். பால் சுரக்க வைக்கிறது அதுதான். சிலருக்குப் புள்ள பெறாமலே பால் வரும்.”

வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்துவிட்டேன். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

அப்போது சண்டைக் காலம். மாமா பட்டாளத்துக்குப் போய் வருஷக்கணக்காகியும் திரும்பவில்லை. உங்களுக்குப் பிள்ளையும் இல்லை. தலைவலி தாங்காமல் நீ சுவரில் முட்டிக்கொண்டபோது, நான்தான் வண்டி கட்டி உன்னைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் ரத்தக் கொதிப்பு என்று சொல்லி அந்த வேர்ப்பொடியைக் கொடுத்தார். தலைவலி விட்டது. ஆனால் கொஞ்ச நாளில் உன் ரவிக்கை நனையத் தொடங்கியது.

மாமா ஊர் திரும்பிய வாரமே அவருடைய அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

“வயித்துல தங்காம மாருல பால் வருமாடி? புள்ளைய எங்க போட்ட?”

மாமா வாயே திறக்கவில்லை. அந்தக் கேள்வியைவிட அதுதான் கொடுமையாக இருந்தது. நான் டாக்டரிடம் ஓடினேன். “இப்படி ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லப்பா” என்று கையை விரித்துவிட்டார். சிறுவாச்சூர்க் கோயிலில் நீ சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிறந்த வீட்டோடு போய்விட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள்.

நடை திறந்த திங்கட்கிழமை, சூடம் எரிய, கூட்டம் உன் உள்ளங்கையையே பார்த்தது. நீ கையை நீட்டவில்லை.

“ஆத்தாளை எதுக்குச் சாட்சிக்கு இழுக்குறீங்க? வேரைக் குடிச்ச பொறவுதான் பால் வந்துச்சு. நிறுத்திப் பாப்போம். வத்தலன்னா நானே போயிடுறேன்.”

“பாத்தீங்களா, சூடத்தைத் தொடப் பயப்படுறா!”

“பயந்தான் அத்தை. இன்னிக்கு அணைச்சா நம்புவீங்க. நாளைக்கு ரவிக்கை நனைஞ்சா மறுபடியும் சூடம் கேப்பீங்க.”

நம் வீட்டுக்கு வந்து பொடியை நிறுத்தினாய். பால் நிற்பதற்கு முன்னால் தலைவலி வந்துவிட்டது. கண் சிவந்தது. மூக்கில் ரத்தம் வந்தது. காலையில் உன் மாமியார் வருவாள். ரவிக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள். நீ செத்துப்போவாய் என்று பயந்து பொடியும் கையுமாக வந்து நிற்பேன்.

“ஒரே ஒரு வேளை குடிக்கா.”

“இன்னும் ஈரம் காயலடா. அழுவாம தண்ணி கொண்டா.”

ஒருநாள் துணி காய்ந்தே இருந்தது. அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே. மாமியார் துணியை உதறிப் பார்த்து, மடித்து வைத்துவிட்டுப் போனாள். அன்றே மாமா வந்தார்.

“கெளம்பு, வூட்டுக்குப் போவலாம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். “நான் உசுரோட இருக்கணும்னா அந்த வேரைத் திரும்பக் குடிக்கணும். பாலும் திரும்ப வரும். ஊரும் பேசும். அப்ப என்னா பண்ணுவீங்க?”

அவர் அடுப்படிக்குப் போனார். மாடத்தில் இருந்த பொடியை எடுத்து வெந்நீரில் கலக்கிக் கிண்ணத்தை நீட்டினார். தலை வெடிக்கிற வலியிலும் நீ அதை வாங்கவில்லை.

“வாயால சொல்லுங்க.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“நனைஞ்சா நானே தொவைச்சுப் போடுறேன்.”

அதற்கப்புறம்தான் குடித்தாய்.

யார் எதைப் பேசாமல் நீட்டினாலும், 'வாயால சொல்லுங்க' என்று கேட்கும் பழக்கம் அன்றைக்கு எனக்குத் தொற்றிக்கொண்டது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நான் விடுவதாக இல்லை, அக்கா.