கடைமடைக்கு முதல் தண்ணீர்

ஏரி குளம் நிறைக. உழுவோர் உலை கொதிக்க. மாந்துறை நாடாளும் வெண்ணிமாதேவியார் திருவாய் மொழிந்தபடி, ஓலைநாயகம் குணவேந்தன் எழுதியது. நீர்த்துறை அமைச்சரும், தலைமடை நிலங்களை உடையவரும், அயல்நாட்டார் போர்த்திய பொன்னாடைக்கு உரியவருமான அதிகைமாறனார் காண்க. உமது நலம் கேட்டு எழுதும்படி அரசியார் சொல்லவில்லை, ஆதலால் எழுதவில்லை.

வெயில் ஏறி வருவதும் கடல் கரையைத் தின்பதும் கண்டு வேந்தர் கூடிய பேரவையில், தேங்கிய வயல்நீரின் அடிச்சேற்றிலிருந்து எழும் ஆவியும் வானைச் சூடாக்குகிறது என்று அறிந்தோர் உரைத்தனர். எம் நெல்வயல்களை இனி ஓயாது மூழ்கடிக்க மாட்டோம், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சுவோம் என்று அரசியார் அங்கே வாக்குக் கொடுத்தார். அதை நிறைவேற்றும் பொறுப்பை உம்மிடம் விட்டார். விட்டது பிழை.

கடைமடை ஊராகிய அலவன்கரையில் உடையாள் என்பவள் முரசறைந்ததை நம்பி வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தாள். இருக்கிற தண்ணீரை விட்டுவிட்டு மதகை நம்புகிறாளே என்று அண்டை வயல்காரர் சிரித்தனர். பிறகு அவள் பேச்சைக் கேட்டு அவர்களும் வடித்தனர். பாய்ச்சும் நாள் வந்தது. தண்ணீர் வரவில்லை. உமது தலைமடை வயல்களிலோ முழங்கால் நீரில் வாத்துகள் நீந்தின. அரசியின் வாக்கு கடைமடைக்கு மட்டும்தான் என்று மதகுக்காரரிடம் நீர் சொன்னதாக அவர்களே வந்து சொன்னார்கள்.

சூல்கட்டிய பயிர் வாடி நிற்கையில் பேரவைத் தூதர் வந்தனர். நீர் அவர்களை உடையாளின் வயலுக்கே அழைத்துப் போனீர். பாளம் பாளமாக வெடித்த நிலத்தைக் காட்டி, எங்கள் அரசி வாக்குத் தவறாதவர் என்றீர். அவர்களும் நம்பினார்கள். ஒரு குடியின் பட்டினியைக் காட்டிப் பொன்னாடை வாங்கிய அமைச்சரை இந்நாடு இதற்குமுன் கண்டதில்லை.

செய்தி எட்டியதும் அரசியார் தாமே அலவன்கரைக்குச் சென்றார். உடையாள் வரப்பிலிருந்து எழவில்லை. அவள் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதச் சொன்னார்:

“காயப்போடச் சொன்னீங்க, போட்டேன் தாயே. பாய்ச்சுறேன்னு சொன்னதும் நீங்கதான? என் பேச்சைக் கேட்டு ஊரே வடிச்சிருச்சு. இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக முன்னால நடப்பேன்?”

அவளுக்கு அரசியார் தரும் மறுமொழி இக்கட்டளையே.

இவ்வோலை கண்ட பொழுதே மதகு திறக்கப்பட வேண்டும். இனி எந்நாளும் பாய்ச்சலில் முதல் தண்ணீர் கடைமடைக்கு. உமது வயல்களை இன்றே வடித்து, எல்லோருக்கும் பாய்ந்தபின் கடைசியாகப் பாய்ச்சுக. அலவன்கரையில் கதிர் பதராகுமானால் உமது விளைச்சல் அவ்வூர்க் களத்தில் அளக்கப்படும். பேரவைக்கு நீரே சென்று, அந்த வெடிப்பு எப்படி வந்தது என்று உம் வாயால் உரைத்து, பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்து வருக. வாக்கு நிற்கும். அதை நிறைவேற்ற நீர் நிற்பீரா என்பதை மதகு சொல்லட்டும்.

முத்திரை இட அரக்கு வேண்டாம், உடையாளின் வயல் மண்ணே போதும் என்றார் அரசியார். அது கல்லாய்க் கிடந்தது. அரண்மனைக் கிணற்று நீர் ஊற்றிப் பிசைந்த பின்னரே முத்திரை பதிந்தது.