இராயப்பரின் கால்

கொட்டாஞ்சேனை
மே மாதம், முதல் வெள்ளி

என் அன்பு மகள் டில்ஷானிக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். நீயும் மருமகன் கஜீவனும் மெல்பேர்னில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், தம்பி தர்ஷன் சுகம். அப்பாவின் சுகத்தை எழுதத்தான் இந்தக் கடிதம் என்றபடியால், எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் முடிக்க இந்தமுறை வழியில்லை. பயப்படாதே, ஆள் தேறிவிட்டார், சொதியில் உப்பு இல்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். ஒரு மாதமாக உன்னிடம் மறைத்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே விமானம் ஏறியிருப்பாய், நீ வந்து கட்டிலடியில் நிற்க அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தால் அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. இரண்டு வருடமாக உன்னோடு கதைக்காத மனிதர் அல்லவா. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் போனில் கதைப்பது பக்கத்து வீட்டுக்கும் விளங்கும். ஆனபடியால் கஜீவனின் மச்சாள் யதுஷா திங்கட்கிழமை அங்கே வரும்போது அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பெரிய வியாழனுக்குப் பன்னிரண்டு ஆட்களைப் பீடத்துக்கு முன்னால் இருத்தி, சுவாமியார் கால் கழுவுவது உனக்குத் தெரியும். ஆண்டவர் தாழ்மையைக் காட்டச் செய்த காரியம் நம் பங்கில் யார் பெரிய ஆள் என்று காட்டுகிற காரியமாக மாறினதும் உனக்குத் தெரியும். ஒவ்வொருவர் தோளிலும் அப்போஸ்தலரின் பெயர் தைத்த சிவப்புப் பட்டி, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாற்காலி. இராயப்பரின் நாற்காலியில் பதினாலு வருடம் இரும்புக்கடை ஒஸ்வால்ட்தான் இருந்தார், கால் கழுவுகிற பித்தளைத் தாம்பாளம் அவர் கொடுத்தது என்பதால் அந்த நாற்காலியும் அவருக்குப் பிறந்த வீட்டுச் சொத்துப்போல ஆகிவிட்டது. உன் அப்பா ஒன்பது வருடம் சின்ன யாகப்பர். சின்ன யாகப்பர் என்ன செய்தார் என்று வேதம் படித்தவர்களுக்கே தெரியாது, அந்தக் கவலை அப்பாவுக்கு ஒன்பது வருடமும் இருந்தது. இந்த வருடம் புதிதாக வந்த மெல்ரோய் பாதர் சின்னப் பெடியன், இராயப்பரைப் பேதுரு என்றுதான் சொல்வார், அவர் இந்த ஏற்பாட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, யூதாசின் இடத்துக்கு ஆள் எடுத்தபோது அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தானே மத்தியாவை எடுத்தார்கள், நாங்களும் சீட்டுப் போடுவோம் என்றார். அதோடு விட்டாரா, நம் பங்கில் யூதாசுக்குப் பட்டியே இல்லை, அந்த நாற்காலியில் மத்தியா என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், மத்தியா அந்த இராப்போசனத்தில் இருக்கவே இல்லை, ஆண்டவர் யூதாசின் காலையும் கழுவினார் என்று சொல்லி யூதாஸ் என்று ஒரு புதுப் பட்டியும் தைப்பித்தார். சீட்டு எடுத்தார்கள். உன் அப்பாவுக்கு இராயப்பர். ஒஸ்வால்டுக்கு யூதாஸ். அன்று கோயில் மண்டபத்தில் இருந்த மௌனத்தைப் பெரிய வெள்ளியன்றுகூட நான் கேட்டதில்லை.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் எனக்குப் புருஷன் இல்லை, முதலாவது பாப்பரசர்தான் இருந்தார். தேத்தண்ணீர் கேட்பதிலேயே ஒரு தொனி. அப்போஸ்தலர்கள் சப்பாத்துப் போடவில்லை என்று சொல்லித் தடித்த தோல் செருப்பு ஒன்று வாங்கிவந்து, அது காலுக்குப் பழக வேண்டுமாம், தபசுகாலம் முழுக்க முன் அறைக்கும் குசினிக்கும் நடந்தார். மற்றப் பதினொரு பேரும் வழமைபோலப் பெரிய வியாழனுக்கு முதல் நாள் சலூனுக்குப் போய்க் கால் கழுவி, நகம் வெட்டி, கிறீம் பூசிக்கொண்டு வந்தார்கள், பாதர் கழுவுவதற்கு ஒரு தூசி மிச்சம் வைக்கவில்லை. அப்பா மட்டும் போகவில்லை. நான் வெந்நீர் வைத்துக் கழுவிவிடுகிறேன் என்றபோதும் காலை இழுத்துக்கொண்டார். இவருக்குத் தாழ்மை வந்துவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் எழுதுகிறேன், அதை எழுதாமல் விட்டால் பின்னால் வருவது உனக்கு விளங்காது. மார்ச் மாதம் மெல்ரோய் பாதர் வீடு சந்திக்க வந்து எத்தனை பிள்ளைகள் என்று அப்பாவிடம் கேட்டார். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு கதவடியில் நின்றேன். ஒரே மகன் பாதர், துறைமுகத்தில் வேலை என்றார். கொட்டாஞ்சேனையில் கூவுவதற்குக் கோழி ஏது, மீன்காரனின் ஹோர்ன்தான் கேட்டது. கோழி கூவமுதல் இராயப்பர் ஆண்டவரை மூன்று தரம் மறுதலித்தார் என்று வேதத்தில் எண்ணி எழுதியிருக்கிறது, உன் அப்பா வெள்ளவத்தை மண்டபத்தில் சைவ முறைப்படி நடந்த உன் கல்யாணத்துக்கு வராத நாளிலிருந்து எத்தனை தரம் என்று எண்ண என்னிடம் விரல் போதாது. அன்று தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நான் அழுதேன் மகள்.

பெரிய வியாழன் பூசைக்குக் கோயில் நிறைந்துவிட்டது. ஒஸ்வால்ட் பட்டியை உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டிருந்தார், அதற்காகவே எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். உன் அப்பா அந்தப் புதுச் செருப்பை விட்டுவிட்டுப் பழைய சப்பாத்தும் கறுப்பு சொக்ஸும் போட்டு வந்திருந்தார், ஏன் என்று கேட்க எனக்கு நேரம் இருக்கவில்லை. பாதர் முழங்காலில் நின்று கையை நீட்ட, அப்பா காலை நாற்காலிக்குக் கீழே இழுத்து, வேண்டாம் பாதர், என்ட காலை நீங்க கழுவக்கூடாது என்றார். மைக் பக்கத்தில் இருந்தபடியால் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது. வேதத்தில் இராயப்பர் சொன்ன அதே வார்த்தை. சனம் உருகிவிட்டது. எத்தனை போன்கள் மேலே எழும்பின தெரியுமா, பின்னால் ஒரு மனுஷி விம்மி அழுதாள், ஒன்பது வருடம் சின்ன யாகப்பராய் இந்தத் திறமையை வீணாக்கிவிட்டார்களே என்று என் பக்கத்தில் இருந்தவள் காதுக்குள் சொன்னாள். பாதருக்கும் முகம் மலர்ந்துவிட்டது, ஒத்திகை இல்லாமல் இப்படி ஒரு நடிப்பா என்று நினைத்திருப்பார், கழுவ விடாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று ஆண்டவர் சொன்ன பதிலை அவரும் ராகத்தோடு சொன்னார். எனக்குத்தான் அப்பாவின் முகம் தெரியும். அது நடிப்பு இல்லை, அந்த மனிதர் பயந்துபோய் இருந்தார். பாதர் சொக்ஸைக் கழற்ற உள்ளே வைத்திருந்த பஞ்சும் சேர்ந்து வந்தது. செருப்பு வெட்டின புண், சின்ன விரல் கறுத்து, கெட்ட மணம் வந்துவிட்டது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் நோவு தெரிவதில்லை, தெரிந்த பிறகும் நாற்காலி போய்விடும் என்று மூன்று கிழமை மறைத்திருக்கிறார்.

மெல்ரோய் பாதரைப் பற்றி நான் பகிடியாக எழுதினாலும் அன்று அவர் செய்ததை மறக்கமாட்டேன். முகம் சுளிக்கவில்லை. புண்ணில் படாமல் மெதுவாகத் தண்ணீர் விட்டு, துவாயால் ஒற்றி, மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே குனிந்து அந்தக் காலை முத்தம் செய்தார். பிறகு அப்பாவின் காதில் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க அங்கிள் என்றார். கோயிலில் அவ்வளவு சனம் போனைத் தூக்கிக்கொண்டு நிற்க, ஒரு ஆள்தான் எழும்பினார். ஒஸ்வால்ட். பட்டி புரண்டு பெயர் வெளியே தெரிய, கடை வானைக் கோயில் வாசலுக்கே கொண்டுவந்து, அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். இராயப்பரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது யூதாஸ்தான் என்று இப்போது பங்கில் சொல்லிச் சிரிக்கிறார்கள், ஒஸ்வால்டும் சேர்ந்து சிரிக்கிறார். சின்ன விரலை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒழுங்காக மருந்து கட்டினால்தான் பாதம் தப்பும், கிருமி மேலே ஏறிவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று இரவு நான் யாரை அழைத்தேன் என்று நினைக்கிறாய். உன் மாமியை, கஜீவனின் அம்மாவைத்தான். நானும் சுபோதினியும் ஒரு வருடமாக மாதத்தில் ஒருமுறை வெள்ளவத்தைச் சந்தையில் சந்தித்துக் கதைக்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரியாது, மலிவு மரக்கறிக்குப் போவதாகத்தான் சொல்வேன். களுபோவிலை ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் மிஸியாக இருந்தவ, கேட்டவுடன் வாறன் என்றா. அப்பா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பாமன்கடையில் இருந்து இரண்டு பஸ் மாறி ஒவ்வொரு காலையும் வருகிறா. அவவின் படத்தைக்கூடப் பார்க்கமாட்டேன் என்று இருந்தவர் அல்லவா அப்பா, ஆனபடியால் ஆள் யாரென்று தெரியவில்லை, நானும் மிஸி வந்திருக்கிறா என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அவ தண்ணீர்ப் பேசினைத் தரையில் வைத்து, முழங்காலில் இருந்து, ஐயா காலைக் கொஞ்சம் தூக்குங்கோ என்பா. அப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு அவவுக்கு வேதம் போதிப்பார். நல்ல சமாரியன் கதை முழுக்கச் சொன்னார், நெற்றியில் திருநீறோடு வந்து புண் கழுவுகிற மனுஷிக்கு. அதோடு, வெள்ளவத்தைப் பக்கத்து ஆட்கள் பெருமை பிடித்தவர்கள், என்ட பிள்ளையை மயக்கி எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அவ பஞ்சை எடுத்தபடி, ஓம் ஐயா, சிலபேர் அப்படித்தான் என்றா. நான் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை நீ மாமிக்கு வீடியோ கோல் எடுத்தாய், அவ எடுக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா. அப்போது அவவின் கை இரண்டும் உன் அப்பாவின் காலில் இருந்தது. போன் அவர் பக்கத்து ஸ்டூலில் இருந்தது. மணி அடிக்க அவர் திரும்பிப் பார்த்தார், உன் முகம். சிரித்துக்கொண்டிருக்கிற படம், பக்கத்தில் கஜீவன், கீழே மருமகள் என்று பெயர். உயிர்த்த ஆண்டவர் எம்மாவுஸ் வழியில் கூடவே நடந்துவந்தும் அவர் யாரென்று சீடர்களுக்கு அப்பம் பிட்ட பிறகுதான் தெரிந்தது என்று போதித்தவருக்குப் பதினைந்து நாள் கால் கழுவினவ யாரென்று அப்போதுதான் தெரிந்தது. எழும்பிப் போக வழியில்லை, கால் அவவின் கையில். மணி அடித்து முடியும்வரைக்கும் அவர் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இரண்டு வருடத்தில் முதல் தரம். மாமி தலை நிமிரவில்லை. துடைத்து, மருந்து போட்டு, கட்டி முடித்தா. அவ பேசினைத் தூக்கும்போது, நாளைக்கும் வருவீங்களா என்று அப்பா கேட்டார். காயம் ஆறுமட்டும் வருவன் ஐயா என்றா. அன்று மத்தியானம் தட்டில் போட்டதை முழுக்கச் சாப்பிட்டார். சொதியில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

இன்று முதல் வெள்ளி, நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்க மெல்ரோய் பாதர் வந்தார். மாமி அப்போதுதான் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தா, பாதரைக் கண்டவுடன் எழும்பி ஒதுங்கப் பார்த்தா. மிஸி எந்த ஆஸ்பத்திரி என்று பாதர் சும்மா கேட்டார். நான் வாய் திறக்கமுதல் அப்பா சொன்னார், மிஸி இல்லை பாதர், இவ என்ட சம்பந்தி, என்ட மகளின்ட மாமி. பாதர் மார்ச் மாதம் கேட்டதை மறக்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் குனியவில்லை, அண்டைக்கு நான் பொய் சொன்னேன் பாதர், எனக்கு ரெண்டு பிள்ளைகள், மூத்தது மகள் என்றார். சொல்லிவிட்டுத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார், கால் துடைக்க வைத்திருந்த துவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள் மகள், அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய், தலையைக் காயவைக்காமல் வெளியே போகாதே. மாமிக்கு நன்றி சொல்லி ஒரு வார்த்தை எழுது. கஜீவனுக்குப் பிடிக்கும் என்று தொதல் அனுப்புகிறேன், முழுவதையும் அவரே சாப்பிடாமல் பார்த்துக்கொள். வேதத்தில் இராயப்பரின் மாமியாருக்குக் காய்ச்சல் வந்த கதை இருக்கிறது, அவர் பெண்சாதிக்கு ஒரு பெயர்கூட இல்லை, அதனால் நடந்ததை நானே எழுதி வைக்க வேண்டியதாய்ப் போயிற்று. ஆண்டவரும் மடு மாதாவும் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிறு பின்னேரம் என் போனுக்கு இல்லை, அப்பாவின் போனுக்கு எடு. மூன்று நாளாக அதைச் சார்ஜில் போட்டுப் போட்டுப் பார்க்கிறார். அது முன் அறையில் இருக்கும், அவர் கட்டிலில் இருப்பார், ஆனபடியால் நாலைந்து தரம் மணி அடித்ததோடு வைத்துவிடாதே. காலை ஊன்றி வர அவருக்கு நேரமெடுக்கும். வருவார்.

உன்மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா
பிறிஜெற் சவுந்தரநாயகம்