கிணற்றடியோடு நின்றுவிட்ட மச்சாளுக்கு

மச்சாள்,

நேற்றுப் பின்னேரம் வயல் பக்கமிருந்து அந்த மணம் வந்தது. யாரோ பயிருக்கு மருந்து அடிக்கிறார்கள். அழுகின உள்ளியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளுமே, அதே மணம். ஓடிப்போய் யன்னல்களைச் சாத்தினேன். கொடியில் கிடந்த உடுப்புகளை வாரி எடுத்தேன். எல்லாம் முடித்துக் கதிரையில் இருந்த பிறகுதான் உறைத்தது, இந்த வீட்டில் இப்போது குழந்தை எதுவும் இல்லை. என் மகள் கல்யாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். நீங்கள் பழக்கிவிட்ட கை தன்பாட்டில் வேலை செய்கிறது.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களைப் புகழ்வதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சண்டைக்குத் தப்பி, யாழ்ப்பாணத்தை விட்டு வள்ளத்தில் கடல்நீரேரி கடந்து, கைக்குழந்தையோடு வன்னியில் மல்லாவிக்கு அங்காலே இருந்த உங்கள் வீட்டுக்கு நான் வந்தபோது உங்களை எனக்குச் சரியாகத் தெரியாது. என் கணவர் கொழும்பில் மாட்டுப்பட்டு நின்றார். எனக்குப் போக வேறு இடமில்லை. அண்ணா உங்களைக் கட்டினார் என்று கேள்விப்பட்ட நாளில் எங்கள் வீட்டில் செத்தவீடு மாதிரி அழுதார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர் என்பதுதான் உங்கள் குற்றம். என்னைக் கண்டதும் நீங்கள் அந்தக் கதையெல்லாம் எடுக்கவில்லை. பிள்ளையை வாங்கி, நெஞ்சில் காதை வைத்துக் கேட்டீர்கள்.

"மூச்சு இழுக்குதே தங்கச்சி," என்றீர்கள். "இந்த வீட்டுல வச்சா புள்ள தாங்காது. வீட்டத்தான் மாத்தணும்."

அண்ணா சிரித்தார். ஊரே மரத்துக்குக் கீழே படுத்திருக்க, இவளுக்கு வீடு மாற்ற வேண்டியிருக்கிறதாம் என்றார்.

மாற்றுவதென்றால் சிரிப்பு வருகிற வீடுதான் அது. இரண்டு அறை மண்வீடு. உள்ளேயே குசினி. புகை கிடுகுக் கூரை வழியாகத்தான் வெளியே போகவேண்டும். நெல் மூட்டைகளுக்குப் பூச்சி வராமல் வெள்ளைத் தூள் தூவியிருந்தது. அரசாங்கம் வன்னிக்குச் சாமான் விடாத தடைக்காலம் என்பதால் பயிர் மருந்து கிடைப்பது குதிரைக்கொம்பு. அண்ணா அந்தப் போத்தல்களைப் பவுண் நகை மாதிரிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார். அந்தக் கட்டிலில்தான் என் பிள்ளையைக் கிடத்தச் சொன்னார்.

நீங்கள் அடுத்த நாளே தொடங்கினீர்கள். அடுப்பைப் பிடுங்கி வெளியே கூரைச் சாய்ப்பாகப் பத்தி இறக்கி, அங்கே வைத்தீர்கள். நெல்லை முற்றத்தில் கொட்டிப் புடைத்து, தூளில்லாமல் நொச்சி இலை போட்டுக் கட்டினீர்கள். உங்கள் கூறைச்சேலையைக் கிழித்துத்தான் என் பிள்ளைக்கு நுளம்பு கடிக்காமல் வலை தைத்தீர்கள் என்பது, அதன் கரையைக் கண்ட பிறகுதான் எனக்குத் தெரியும். மருந்துப் போத்தல்களை ஒரு சாக்கில் கட்டி, பின்வேலிப் பாலை மரத்தில் தொங்கவிட்டீர்கள்.

மருந்து முடிந்த வெறும் பிளாஸ்டிக் கானை நீங்கள் கத்தியால் குத்தின நாள் ஞாபகம் இருக்கிறதா? அண்ணா அதைக் கழுவி, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகவென்று வைத்திருந்தார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். மூடியோடு ஒரு கான் கிடைப்பதே பெரிய காரியம்.

"உனக்கென்ன விசரோ?" என்று கத்தினார். "கழுவின கான். மணக்குதோ எண்டு மணந்து பார்!"

"மணக்காத நஞ்சுந்தான் இருக்கு," என்றீர்கள். சொல்லிக்கொண்டே இன்னொரு குத்து. நான் குசினிப் பத்திக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இடம்பெயர்ந்த பிறகு முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிள்ளைக்கு இழுப்புக் குறைந்தது. ஆனால் அண்ணா மருந்தடித்துவிட்டு அதே சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்கினால், பிறகு மறுபடி தொடங்கும். கவனித்துக் கண்டுபிடித்தது நீங்கள்தான். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. மருந்தடித்த ஆள் கிணற்றடியில் உடுப்போடு குளித்து, உடுப்பை வேலியில் போட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும்.

"வேலை செய்து களைச்சு வாறவனை நாய் மாதிரி வெளியில நிப்பாட்டுவியோ?" என்று அண்ணா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"அப்ப நானே அடிக்கிறேன்," என்றீர்கள்.

அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, மச்சாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "அப்ப நீயே அடியன். உனக்கென்ன, தோட்டத்தில பிறந்தனி. பழகின உடம்பு," என்றார். பகிடியாகக்கூடச் சொல்லவில்லை. வெயில் காய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தப் போகம் முழுக்க மருந்தடிக்கிற மெசினை முதுகில் போட்டுக்கொண்டு நீங்கள் வரம்பில் நடந்தீர்கள். அண்ணாவின் பழைய கைநீளச் சட்டை, முகத்தில் ஒரு சீலைத்துண்டு, வெறுங்கால். மெசின் ஒழுகி முதுகு நனைந்திருக்கும். பின்னேரம் சாப்பிடும்போது உங்கள் விரல்கள் நடுங்கும். நான் ஒருதரம் அடிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

"பால் குடுக்குற உடம்புல நஞ்சா? போங்க அங்கிட்டு."

"அப்ப உங்கட உடம்பு?"

"எங்களுக்கு இது பழகுனதுதானே தங்கச்சி. மருந்தடிச்ச செடியிலதான் எங்க அம்மா கொழுந்து எடுத்தாங்க."

"அம்மா இப்ப எங்க?"

"இல்ல," என்றீர்கள். கோப்பையைக் கழுவப் போய்விட்டீர்கள்.

அண்ணா சொன்னதை நீங்களும் சொன்னீர்களே, அதற்குத்தான் கோபம். அவர் சொன்னால் அது திமிர். நீங்கள் ஏன் நம்பினீர்கள்? ஒரு குழந்தையின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டு ஒரு வீட்டையே புரட்டிப் போட்ட மனுஷி, தன்னுடைய நெஞ்சு மட்டும் இரும்பு என்று எப்படி நினைத்தீர்கள்?

அன்றைக்குக் காற்று எதிர்த்து வீசியது. மத்தியானத்துக்கு முதலே நீங்கள் திரும்பி வந்தீர்கள். நடை சரியில்லை. முகமெல்லாம் வேர்வை, வாயோரம் எச்சில். வீடு இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். வீட்டுக்குள் வந்து படுக்க வேண்டிய ஆள், கிணற்றடிக்குத் திரும்பினீர்கள்.

"மச்சாள், உள்ளுக்கு வாங்கோ! குளிக்கிறதைப் பிறகு பாப்பம்!" என்று படியில் நின்று கத்தினேன்.

"வேணாம், புள்ள படுத்திருக்கு. ரெண்டு வாளி ஊத்திட்டு வாரேன்."

நான் ஓடி வருவதைக் கண்டதும் கையால் தள்ளுவதுபோலக் காட்டினீர்கள். "கிட்ட வராதீங்க." துலாக் கயிற்றைப் பிடித்தீர்கள். பிடி இறுகவில்லை. வாளி உள்ளே போய் விழுந்த சத்தமும் நீங்கள் கல்லில் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நான் வந்து தூக்கினேன். அப்போதும் என்னைத் தள்ளத்தான் பார்த்தீர்கள்.

ட்ரக்டர் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருந்த ஊசியைப் போட்டார்கள். அதற்கு மேல் போட மருந்து இல்லை. தடையில் வரவில்லை என்றார்கள். எவ்வளவு காலமாகப் பயிர் மருந்து அடிக்கிறா என்று டொக்டர் கேட்டார்.

"அவளுக்கு அது பழகின உடம்பு ஐயா," என்றார் அண்ணா.

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டார். விடிய முதல் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக்கு வந்த எங்கள் சொந்தக்காரர், தோட்டத்துப் பெட்டை என்றாலும் வீட்டைக் கோயில் மாதிரி வைத்திருந்தாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அந்த "என்றாலும்" எனக்கு இன்னும் காதில் குத்துகிறது. நீங்கள் கட்டித் தந்த சுத்தத்துக்குள் இருந்துகொண்டு, அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் கூசவில்லை.

வருஷா வருஷம் உங்கள் திவசத்துக்கு அண்ணா வீட்டுக்குப் போகிறேன். போனமுறை, வந்தவர்கள் இலையில் இருக்கும்போது, அண்ணா பெருமையாகச் சொன்னார்: "அவள் இருந்த காலத்தில இந்த வீட்டுக்குள்ள ஒரு சொட்டு நஞ்சு வரவிடேல்லை. இவளின்ர பிள்ளை தப்பினதே அதாலதான்." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பாயாசம் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

"ஓம் அண்ணா," என்றேன். "வீட்டுக்குள்ள வரேல்லைத்தான். முழுக்க அவாவின்ர முதுகில ஊத்திப்போட்டு நாங்கள் உள்ளுக்கு இருந்தனாங்கள்."

அண்ணா பாதியில் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். செத்த ஆளின் நாளில் இப்படியா கதைக்கிறது என்று பக்கத்தில் இருந்த ஒருத்தி என்னை அதட்டினாள். அதற்குப் பிறகு அண்ணா என்னோடு கதைப்பதில்லை.

கதைக்காவிட்டால் போகட்டும். என் மகள் நன்றாக மூச்சு விடுகிறாள் என்று சந்தோஷப்படும்போதெல்லாம், அந்த மூச்சுக்காக யார் வெளியே நின்றது என்பதும் கூடவே வருகிறது. இதை அவளுக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். அடுத்த திவசத்துக்கும் போவேன். கேட்காமலே அதையே சொல்வேன், மச்சாள்.