நீ உட்கார்ந்து தொழுத நாற்காலி

உன் நாற்காலி நேற்று என் வீட்டுக்கு வந்துவிட்டது. உன் மகன்தான் மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தான். "சின்னம்மா, அம்மாவோட துணிமணியெல்லாம் கொடுத்தாச்சு. இதை மட்டும் வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரல. நீங்க வச்சுக்குங்க" என்றான். தேத்தண்ணி கூடக் குடிக்காமல், "வாரேன்" என்று இறங்கிப் போய்விட்டான்.

நீல பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று காலில் ரப்பர் மூடி இருக்கிறது, நாலாவதில் இல்லை. முதுகு சாய்கிற இடத்தில் நீ முட்டிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை. இன்று காலையில் அடுப்பைப் பற்ற வைத்தபோது அந்த வாசனை வந்தது. நீ பின்னால் இருப்பதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

எனக்கு எழுத அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். பிழை இருந்தால் சிரித்துக்கொள். உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சிம்பாங் பூலாய் தாண்டி உள்ளே நம் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. போன வருஷம் பேருந்தில் போனபோது, நாம் பால் வெட்டிய மர வரிசை, நம் நிரை, எந்தப் பக்கம் என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. உன் நிரையும் என் நிரையும் ஒட்டியே இருந்தன. இரண்டும் சேரும் இடத்தருகே ஒரு பெரிய கல். உன் அப்பாவின் தோட்டத்துக் கடை மூடிய பிறகு நீ வெட்டுக்கத்தி எடுத்தவள். கத்தி பிடிக்க வேண்டிய வீட்டில் பிறக்காத நீதான் எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் பால் வெட்டுவாய்.

பால் வெட்டும் கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஒரு நூல் ஆழமாகப் போனால் உள்ளே கட்டையில் பட்டுவிடும். அந்தக் காயம் ஆறும்போது பட்டை முண்டு முண்டாக வீங்கிக்கொள்ளும். பிறகு அந்த இடத்தில் கத்தி ஓடாது. தோட்டத்தில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

அன்றைக்கு என் மகளை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் காய்ச்சலோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டு ஓட வேண்டும் என்ற அவசரத்தில், கல்லுக்குப் பக்கத்து மரங்களைக் கண்டபடி வெட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து எங்களை மேற்பார்க்கும் மண்டோர் மரங்களில் காயம் பார்க்க வந்தார். எல்லைக்கு அடித்திருந்த சாயம் மழையில் போய்விட்டிருந்தது.

"இது யாரு மரம்?" என்று கேட்டார்.

"என் நெரை கல்லோட முடியுதுங்க மண்டோரே" என்றேன். முடியவில்லை. கல்லைத் தாண்டி அந்த மரங்கள் வரை என்னுடையதுதான்.

"அப்போ அவளுதுதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் உன் பெயரைக் கூப்பிட்டு, தண்டனையாக உனக்கு மலை நிரையைக் கொடுத்தார்கள். என்னை ஒரு தரம் பார்த்தாய், வாளியை எடுத்துக்கொண்டு போனாய். அந்த மழைக்காலத்தில்தான் இரண்டு வாளிப் பாலோடு சரிவில் விழுந்தாய். நான்தான் முதலில் ஓடி வந்தேன். உடம்பெல்லாம் வெள்ளையாகப் பால். முட்டி கல்லில் அடித்து வீங்கிக்கொண்டிருந்தது. "பால் போச்சே புள்ள" என்று அழுதாய். என் துண்டைக் கிழித்து உன் காலைக் கட்டினேன். அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்த முட்டி அதற்குப் பிறகு முழுதாக மடங்கவே இல்லை.

தோட்டம் விற்றுப்போய் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்கு வந்தேன். அங்கேயே உன் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். என்னை உன் அடுப்படிக்கு இழுத்துக்கொண்டவள் நீதான். "அந்த மருந்து வாசனையில கிடந்து சாகாத. வந்து வெங்காயம் உரி" என்றாய். அன்றிலிருந்து தினமும் மதியம் திரைக்குப் பின்னால் நீ தொழப் போவாய். மற்றவர்கள் நெற்றியைத் தரையில் வைக்கிற நேரத்தில் நீ நாற்காலியில் இருந்தபடி குனிவாய். மூடி இல்லாத அந்தக் கால் தரையில் கிரீச் என்று தேயும். ஒவ்வொரு தரமும் என் கை வெங்காயத்திலேயே நின்றுவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒன்பது தைப்பூசம் பால்குடம் எடுத்தேன். தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்பேன். நீ ஓரமாகக் குழாயோடு நின்று என் காலுக்குத் தண்ணீர் அடிப்பாய். "எதுக்குடி இத்தனை வருஷ வேண்டுதல்?" என்று கேட்டாய். "மகளுக்காக" என்றேன். அதுவும் பொய். நோன்புப் பெருநாள் ராயா வந்தால் இந்த ஊர் வழக்கப்படி உன் இரண்டு கையையும் பிடித்து, "மாஃப் சாஹிர் பாத்தின்" என்பேன். வெளியே தெரிந்த தப்பையும் உள்ளே இருக்கிற தப்பையும் மன்னித்துவிடு என்று அர்த்தம். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான். அதில் என்னுடையதும் சேர்ந்து கழிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்த மதியம். நோன்புக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. சம்பலுக்கு நெத்திலி தலை கிள்ளிக்கொண்டு இருந்தோம். என் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சாம்பல் புதன் என்று நெற்றியில் சிலுவையோடு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க திருநீற எப்போ எடுத்துக்கிட்டீங்க?" என்று நான் சீண்டினேன்.

"இது பாவத்துக்கு, அக்கா. நாமெல்லாம் மண்ணுதான்னு நெனப்பு வரணும்ல."

நீ விடவில்லை. "ஃபாதர் காதுல சொல்லிட்டா பாவம் போயிடுமா?"

"சும்மா போவாது. மனசு நொந்து சொல்லணும். திரும்பச் செய்யமாட்டேன்னு சொல்லணும். அதுக்கப்புறம் அவர் சொல்ற ஜெபமும் செய்யணும்."

"நம்ம காய்க்காரச் சீனம்மா மாசத்துல ரெண்டு நாளு கறியே தொடமாட்டா. குகைக்கோயில்ல விழுந்து விழுந்து கும்பிடுறா. இவளைப் பாரு, பால்குடம் எடுத்தே கழுத்து சுருங்கிப்போச்சு" என்று என் தோளில் இடித்தாய். பிறகு சொன்னாய்: "எங்கள்லயும் அதேதான்லா. விடணும், வருத்தப்படணும், திரும்பச் செய்யக்கூடாது. அல்லாவுக்குச் செஞ்சத அல்லாகிட்ட அழுதா போதும். மனுசனுக்குச் செஞ்சிருந்தா அந்த மனுசன்கிட்டதான் போவணும். அவனுக்குப் பதிலா அல்லா மன்னிக்கமாட்டான்."

சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் கை ஓடவில்லை. ஸ்டெல்லா எழுந்து போகும்வரை பொறுத்திருந்தேன்.

"புள்ள, அந்த மரத்துக் காயம் என்னோடது."

"எந்த மரம்?"

"கல்லுக்குப் பக்கத்துல. பதினோரு மரம். நான்தான் வெட்டினேன். மண்டோர்கிட்ட மாத்திச் சொன்னேன். உன் முட்டி என்னாலதான் போச்சு."

நீ நிமிரவில்லை. இன்னும் நாலு நெத்திலி தலை கிள்ளினாய். "பன்னெண்டு" என்றாய்.

"என்னது?"

"பன்னெண்டு மரம். ஒன்னு பின்பக்கம் இருந்துச்சு. உன் கத்தி இடது பக்கமாச் சாயும். பக்கத்து நெரையில வெட்டினவளுக்கு அது தெரியாதா?" அடுத்த நெத்திலியை எடுத்தபடி, "முருகன்கிட்ட ஒம்பது வருஷம் நடந்தே போனியே, என் அடுப்படிக்கு வர வழி தெரியலையா உனக்கு?" என்றாய். நான் அழுதேன். நீ சிரித்தாய். "மன்னிச்சிட்டேன் போ. தலையைச் சரியாக் கிள்ளு, கசக்கும்."

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீ என் கையைப் பிடித்தாய்.

"இரு. எனக்கும் ஒன்னு இருக்கு. தெரிஞ்சும் நான் கேட்கல. ராயாவுக்கு ராயா நீ மாஃப் சொல்றப்போ, கெடந்து வேகட்டும்னு உள்ளுக்குள்ள நெனப்பேன். வெயில்ல நீ நடக்கறப்போ தண்ணி அடிச்சுக்கிட்டே சந்தோஷப்பட்டேன். அதுக்கு நீ என்னை மன்னிக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையாகவே வந்தது. நானே தப்பு செய்தவள், எனக்கு எங்கே கோபம் வரலாம்? ஆனாலும் வந்தது. அத்தனை வருஷம் நான் வெந்துகொண்டிருந்ததை நீ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய். "போ லா, வேலையப் பாரு" என்று சொல்லி நெத்திலியைக் கழுவ எழுந்துவிட்டேன். நீ கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். மறுபடி கேட்கவில்லை.

கோபம் இரண்டு நாளில் போய்விட்டது. பிறகு வெட்கம் வந்தது. உன்னை மன்னிக்க நான் யார் என்று இருந்தது. தினமும் ஒரே அடுப்படி, ஒரு வார்த்தை. ராயாவுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். நோன்பு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது உன் நெஞ்சு நின்றுவிட்டது.

உன்னைக் குளிப்பாட்டும் தண்ணீருக்குக் கற்பூரம் வேண்டும் என்றார்கள். நான்தான் பொடித்துக் கொடுத்தேன். எங்கள் சாமிக்கு ஏற்றுகிற அதே கற்பூரம். எடுத்துப் போகுமுன் உன் மகன் வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "எங்கம்மா யாரு மனசையாவது நோகடிச்சிருந்தா, அவங்களுக்காக நான் கேட்டுக்கிறேன், மன்னிச்சிடுங்க."

ஆண்கள் முணுமுணுத்தார்கள். நான் பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன். "மன்னிச்சிட்டேன் புள்ள!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். உன் மகன் மட்டும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அந்த மனுசனிடமே போக வேண்டும் என்று நீ சொன்னாய். நான் பிந்தித்தான் வந்தேன். ஆனால் உன்னை அப்போது இன்னும் தூக்கவில்லை. நீ வாசலைத் தாண்டவில்லை. உனக்குக் கேட்டிருக்கும். இதை நான் யாரிடமும் போய்க் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

நேற்றிலிருந்து நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், உட்காரவில்லை. இன்று காலையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மகள் ஞாபகம் வந்தது. அம்மா தனக்காக ஒன்பது வருஷம் காலைச் சுட்டுக்கொண்டாள் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறாள். போன் போட்டேன்.

"ஆயி, அந்தப் பால்குடம் உனக்காக இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன், பன்னிரண்டு மரத்தையும்.

"அப்போ என் காய்ச்சலுக்கு ஒரு வேண்டுதலும் இல்லையா?" என்றாள்.

"ஒரு தேங்காய் உடைச்சேன்."

சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாக, "சரிம்மா. சொல்லிட்டல்ல. விடு" என்றாள்.

வெங்காயம் பாதியில் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தேன். உன் நாற்காலி கிரீச் என்றது. என் கை நிற்கவில்லை புள்ள, உரித்துக்கொண்டே இருந்தேன்.