குடல்வாலுக்கு ஒரு மார்க்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீங்கள் நலமென்பது அக்கா வாராவாரம் போனில் கேட்டுச் சொல்லும் விஷயம்தான். இந்த வீட்டின் நலத்தை நீங்கள்தான் முழுசாகக் கேட்டுக்கொள்வதில்லை. உங்கள் மகளைப் பற்றிய பேச்சை எடுத்த மாத்திரத்தில் "லைன் சரியில்லப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். காகிதத்திடம் அந்தச் சாக்கு செல்லாது. கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முதலில் பொதுச் செய்திகள். உங்கள் அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய் முன்பைவிட நன்றாக இருக்கிறது. அக்காவுக்கு இந்த மாதம் மதிய ஷிப்ட். மருந்துப் பெட்டிகளை அடுக்கி அடுக்கி வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டுகளை லேபிள் ஒரே பக்கம் தெரிகிற மாதிரி அடுக்குகிறாள். தட்டுக்கு ஏது லேபிள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கடையில் பழுதான ஃப்ரிட்ஜ்கள் வாசல் வரை நிற்கின்றன. வெயில் காலம், குறையொன்றுமில்லை.

இனி வக்கீலம்மாவின் விஷயம். எடுத்ததற்கெல்லாம் வாதாடுகிறாள் என்று இந்தப் பட்டத்தை உங்கள் மகளுக்குக் கொடுத்ததே நீங்கள்தான், மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ பரீட்சையில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி உயிரியலில் மட்டும் கோட்டை விட்டாள். அன்றைக்கு நீங்கள் போனில் கத்தியது எனக்கு ஸ்பீக்கரே போடாமல் கேட்டது. "துறைமுகம் பூரா சொல்லி வெச்சிருந்தேன், என் முகத்துல கரியைப் பூசிட்டா, இனி அவகிட்ட போனைக் குடுக்காதீங்க" என்றீர்கள். மறுபரீட்சையிலும் தோற்றால் பேக்கரிக்கு வேலைக்கு அனுப்பு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறீர்கள். பேக்கரி வேலை கேவலமில்லை. ஆனால் அவளுக்கு லேப் டெக்னீஷியன் படிப்புத்தான் வேண்டும். அதற்கு உயிரியல் தேறியே ஆக வேண்டும்.

அவளுக்குப் படம் வரைவதில் குறையே இல்லை. உறுப்புகளின் பெயர்கள்தான் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள் பாருங்கள், வீட்டில் இருக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பு என்று பிரித்துக் கொடுத்துவிட்டாள்! இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவள் உறுப்பின் பெயரைக் கூப்பிடுவாள். அந்த ஆள் எழுந்து நின்று தன் வேலைகளைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் அன்றைக்குப் பாத்திரம் அவர் தலையில்.

நான் கல்லீரல். உடம்பிலேயே பெரிய சுரப்பியாம், வீட்டிலேயே எடை அதிகமானவன் நான்தானாம். போதாததற்கு "மிஞ்சினது, ஆறினது, என்னத்தைப் போட்டாலும் தாங்குறீங்களே மாமா" என்று காரணம் வேறு சொன்னாள். சர்க்கரை டப்பாவை உங்கள் அப்பாவுக்குப் பயந்து பூட்டி வைக்கும் அக்கா கணையம். கீழ்வீட்டுத் தையல்காரர் படியேறி வந்து மூச்சு வாங்குவதால் நுரையீரல். அவர் பாவம், நூல் கடன் வாங்க வந்தவர், ஓர் உறுப்பையும் வாங்கிக்கொண்டு போனார். உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகம் வந்தது. "மரியாதையா கண்ணு, காதுன்னு ஏதாவது குடுக்கக்கூடாதா?" என்று கேட்டார். "ராத்திரி பூரா பாத்ரூமுக்கு நடக்குறது நீங்கதானே தாத்தா" என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். இப்போது அவர் சிறுநீரகத்தின் வடிகட்டியான நெஃப்ரானைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

என் கதையும் அதேதான். போன வாரம் ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் அடைத்துக்கொண்டே "பித்தநீரைச் சுரப்பேன், கிளைக்கோஜனைச் சேமிப்பேன்" என்று முணுமுணுத்திருக்கிறேன். அந்த அம்மா பயந்துபோய், வேலையை நாளைக்குப் பார்த்துக்கலாமா என்று கேட்டார்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் அப்பா, "எல்லாருக்கும் குடுத்துட்டியே, என் மகனுக்கு என்ன?" என்று கேட்டுத் தொலைத்தார். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்பா குடல்வால். இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான். வலிச்சாத்தான் இருக்குன்னே தெரியும்" என்றாள்.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கழுவி வைத்த பாத்திரத்தையே திரும்பக் கழுவும் சத்தம் கேட்டது. இதை உங்களைப் புண்படுத்துவதற்காக எழுதவில்லை. சரி, பொய் எதற்கு, கொஞ்சம் புண்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். பரீட்சையில் தோற்ற பிள்ளையிடம் அப்பா பேசாமல் இருந்தால் அது எத்தனை பாடத்தில் தோற்ற மாதிரி இருக்கும்?

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் நான் போனேன். மாதிரித் தேர்வுத் தாளை உயிரியல் டீச்சர் என் முன்னால் விரித்தார். பித்தநீரைச் சுரக்கும் உறுப்பு எது என்ற கேள்விக்கு உங்கள் மகள் எழுதிய பதில், "மாமா." இன்சுலினுக்கு, "அம்மா." இரத்தத்திலிருந்து யூரியாவைப் பிரித்து வெளியேற்றுவது எது என்பதற்கு, "தாத்தா, ஒரு ஜோடி." அவசரத்தில் கை அதன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது. டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு அவர், "சிரிப்பா இருக்கு சார். ஆனா நிஜப் பரீட்சையில திருத்துறவங்களுக்கு உங்க வீட்டுத் தாத்தாவைத் தெரியாதே" என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாளில் அவள் தேறவில்லை.

கடைசியாக ஓர் இடத்தைக் காட்டினார். மனித உடலில் உள்ள எச்ச உறுப்பு ஒன்றின் பெயர் எழுதுக என்று ஒரு மார்க் கேள்வி. பெரிய பயன் இல்லாமல் உடம்பில் தங்கிப்போன உறுப்பாம். "வகுப்புல கடைசி பெஞ்சுக்கும் இது தெரியும். இவ ஏன் வெறுமனே விட்டிருக்கா?" என்று டீச்சர் கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளையும் கூட்டிக்கொண்டு வரும் வழியில் பஸ் நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேன். பையின் வாரைத் திருகினாள். பிறகு, "குடல்வால்னு தெரியும் மாமா. எழுதப் போனா அப்பாவை எழுதுற மாதிரி இருந்துச்சு. அப்பாவைப் போய்த் தேவையில்லாததுன்னு எப்படி எழுதறது?" என்றாள். சொன்னவள் அங்கேயே அழுதுவிட்டாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி. நானும் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அழுது ஓய்ந்ததும், "பரீட்சைக்கு முன்னாடி அப்பா என்கூடப் பேசுவாரா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "பேசுவாருடா. அன்னிக்குக் காலையில கண்டிப்பாப் பேசுறேன்னு என்கிட்ட சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சொன்னது பச்சைப் பொய்.

அந்தப் பொய் அவளிடம் என்ன வேலை செய்திருக்கிறது தெரியுமா? வீட்டுக்கு வந்ததும் எங்கள் எல்லோரிடமிருந்தும் உறுப்புகளைப் பிடுங்கிக்கொண்டாள். இனிமேல் கல்லீரல் என்றால் கல்லீரல்தான், மாமா இல்லை. உங்கள் அப்பா, முறைப்படி ராஜினாமாக் கடிதம் தரட்டுமா என்று கேட்டார். இன்று காலையிலிருந்து பழைய கேள்வித்தாள்களுக்கு ஒவ்வொன்றாக விடை எழுதி என்னிடம் நீட்டுகிறாள். பெயர் ஒன்றுகூடத் தப்பவில்லை. குடல்வாலும் எழுதியிருந்தாள், தயங்காமல். அப்பா பேசப்போகிறார் என்று தெரிந்துவிட்டதால், அது வெறும் குடல்வாலாகிவிட்டது.

நீங்கள் பேசாமல் போனால் அவள் அன்றைக்கு என்ன எழுதுவாள் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பரீட்சை வருகிற மாதம் இரண்டாவது திங்கட்கிழமை. துறைமுகத்தில் கிரேன் ஏறுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். இங்கே காலையாகும்போது அந்த நாட்டில் விடிந்திருக்காது, பரவாயில்லை, எழுந்திருங்கள். எத்தனை மார்க் வரும் என்று கேட்காதீர்கள். புத்திமதி சொல்லாதீர்கள். சாப்பிட்டாயா, பேனா எடுத்துக்கொண்டாயா என்று கேட்டால் போதும்.

எடுத்தவுடன் அவள் பேச மாட்டாள். பிடிவாதத்தில் அவள் அச்சு அசல் நீங்கள்தான். சத்தத்தையே காணோமே என்று வைத்துவிடாதீர்கள், மச்சான். அவள் அங்கேதான் நிற்பாள். வாயைத் திறந்து அப்பா என்று சொல்லும் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டிருங்கள்.

கோபமும் மரியாதையும் ஒருசேர,
உங்கள் மனைவியின் தம்பி