கூடும் என்ற ஒரு சொல்

ரொம்மன், ஒஸ்லோ
நவம்பர் 16, ஞாயிறு

அன்புள்ள மகள் ராகவிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் குளிருக்கு ஒழுங்காக உடுத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இருவரும் நலம் என்று வழமையாக எழுதுகிற வரியை இந்தமுறை எழுதக் கை வரவில்லை, எழுதினால் அது பொய். கையால் எழுதிப் படம் எடுத்துத்தான் இதை அனுப்பப் போகிறேன், தபாலில் போட்டால் உங்கள் மாநிலச் சட்டசபை கூடிக் கலைந்த பிறகுதான் உன் கைக்கு வரும். வியாழக்கிழமை நீ ரெலிபோனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. டிசெம்பர் மூன்று, புதன்கிழமை அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை என்று ஆஸ்பத்திரிக் கடிதம் வந்ததைச் சொன்னேன். நீ, முதலாந் திகதி சபை கூடுதம்மா, நான் வரட்டோ வேண்டாமோ, ஒரு சொல்லிலை சொல்லுங்கோ என்றாய். அடுப்பில் கறி கிடக்கிறது, பிறகு கதைப்போம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் கறி இல்லை. மூன்று நாளாக அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல்தான் இத்தனை சொற்களை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் எடுத்துக் கேட்டுப் பார்த்தேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதைத்தான் கேட்பாய். திகதியைத் தள்ளிப் போட முடியுமா என்றேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகக் கதைத்தாள். இந்த நாளை விட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும், மாசி பங்குனி ஆகலாம், வைத்தியர் அவ்வளவு காலம் பொறுக்கச் சம்மதிக்க மாட்டார் என்றாள். இருதய வால்வு ஒன்று சரியாகத் திறக்கிறதில்லை, அதை மாற்ற வேண்டும், எட்டு வருடத்துக்கு முன் ஒருமுறை திறந்த நெஞ்சை இரண்டாம் தரம் திறப்பதால் கொஞ்சம் கூடுதலான கவனம் வேண்டும், இவ்வளவுதான் விஷயம். நான் ஒன்றையும் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. உன் பக்கத்து நிலைமையும் எனக்குத் தெரியும். சட்டமூலங்களை எழுதிக் கொடுக்கிற அந்த அலுவலகத்தில் நீ வைகாசியில்தான் சேர்ந்தாய், இந்த முதல் கூட்டத்தொடர் முடிந்த பிறகுதான் உன்னை நிரந்தரமாக்குவார்கள், முதல் மூன்று கிழமைக்கு எவருக்கும் லீவு கிடையாது, வேலை போனால் விசாவும் போகும். இரண்டு பக்கமும் தெரிந்திருப்பதால் எனக்கு ஒரு தெளிவும் வந்துவிடவில்லை.

போன வருடம் இந்த நேரத்தில் இந்த டிசெம்பரை வைத்து நாங்கள் எவ்வளவு சிரித்தோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் மாநிலத்தின் அரசியல் யாப்பைத் திருத்தி, ஜனவரியில் கூடுகிற சட்டசபையை டிசெம்பர் முதல் திங்களுக்கு முன்தள்ளுவதா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். நீ அப்போது படித்துக்கொண்டிருந்தாய். அங்குள்ள தமிழ்ச் சங்கத்து வயதானவர்களுக்காக அதைத் தமிழில் விளக்கி ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி, அம்மா ஒருக்கா பாருங்கோ என்று எனக்கு அனுப்பினாய். நான் பார்த்து, நீ எழுதியிருந்த நீண்ட வசனத்தை வெட்டி, சட்டசபை ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் முதல் திங்களன்று கூடும் என்று சுருக்கிக் கொடுத்தேன். இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் சம்பளம் வாங்குகிறவள், அதில் பிழை இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அடுத்த நாள் கோயம்புத்தூர்க்காரப் பெரியவர் ஒருவர் உனக்கு எடுத்து, ஏம்மா, கூடும்னா கூடலாம் கூடாமலும் போகலாம்னுதானே அர்த்தம், இதுக்கு எதுக்கு ஒரு ஓட்டு என்று கேட்டாராம். நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். சரி, கூட வேண்டும் என்று மாற்று என்றேன். அப்பாவைப் பார்க்க வந்திருந்த சிறீஸ்கந்தராசா மாமா அதைக் கேட்டுவிட்டு, என்ன கூட வேணுமாம், சம்பளமோ, சோறோ என்று கேட்டார். கூட்டப்படும் என்று போட்டால் என்ன என்று நீ கேட்டாய். அப்பா கதிரையில் இருந்தபடி, நான் முப்பது வருசம் ரெயில் பெட்டி கூட்டினனான், என்ரை பிள்ளை பார்லிமெண்டைக் கூட்டுறாள், விளக்குமாறு நான் அனுப்பிவிடுறன் என்றார். கடைசியில் கட்டாயம் ஒன்றுகூட வேண்டும் என்று எழுதினோம், ஒருவரும் பிறகு எடுத்துக் கேட்கவில்லை.

மக்கள் ஓம் என்று வாக்களித்தார்கள். நீ பெரிய நன்மை என்றாய், புதிதாகத் தெரிவானவர்கள் வரவுசெலவுத் திட்டத்தை ஆறுதலாகப் படிக்க நேரம் கிடைக்கும் என்றாய். எனக்கு நம்பிக்கை இல்லை, இப்போதும் இல்லை. இங்கே எங்கள் பாராளுமன்றம் ஸ்டோர்ட்டிங்கும் ஒக்ரோபர் முதல் வேலைநாளில் கூடுகிறது, அதையும் யாப்பில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் அதற்குள் இருப்பவர்கள் ஆறுதலாகப் படித்துவிட்டு வருகிறார்கள் என்று நான் காணவில்லை. இருந்தாலும் அது என் வேலை இல்லை, மொழிபெயர்க்கிறவள் வசனத்தின் பக்கம் நிற்க வேண்டுமே தவிர ஒரு கட்சியின் பக்கம் நிற்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். நடைமுறைக்கு வருவது இந்த வருடந்தான் என்றதால் போன டிசெம்பரும் நீ வந்தாய். ஒவ்வொரு வருடமும் டிசெம்பரில் வந்து ஜனவரி ஐந்து ஆறில் போவதுதானே உன் வழக்கம், அந்த டிசெம்பர் எங்களுடையது என்றே நாங்கள் நினைத்திருந்தோம், யாப்பில் ஜனவரியை வெட்டி டிசெம்பர் என்று எழுதினால் அது எங்கள் வீட்டுக்குள் வந்து உட்காரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வசனத்தைத் திருத்திக் கொடுத்தது என் கைதான். நான் திருத்தாவிட்டாலும் அது நிறைவேறியிருக்கும், அந்தச் சங்கத்து வாக்குகளால் ஒரு மாற்றமும் இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்திருந்தும் நினைக்கிறேன்.

இந்த ஜனவரியில் உன்னை விமான நிலையத்துக்கு அனுப்ப லில்லெஸ்ட்ரோம் ரெயில் நிலையம் வரை வந்தபோது அப்பா உன் பெட்டியை இழுத்துக்கொண்டு மேடையில் மூன்று தரம் நின்றாரே, நினைவிருக்கிறதா. காத்து முகத்திலை அடிக்குது என்றார். நாங்கள் இருவரும் நம்பினோம். நீ ரெயிலுக்குள் ஏறிக் கைகாட்டிய பிறகு நான்காம் தரமும் நின்றார், அதை நான் உனக்கு எழுதவில்லை.

ஒக்ரோபரில் வைத்தியரைப் பார்க்கப் போனதையும் முழுதாகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு நோர்வேஜியம் நல்லாக வரும், ஆனால் நெஞ்சுக் கதையைத் தமிழில் கேட்டால்தான் பிடிபடும் என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி, அந்த விதியை நானே எத்தனையோ குடும்பங்களுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன், ஆகையால் மொழிபெயர்க்கத் திரையில் வந்தது என்னோடு ஒன்றாகப் படித்த கிளின்ரன். நான் அப்பாவுக்குப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வைத்தியர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். வழமையாக இது நல்லபடி முடியும் என்று நோர்வேஜியத்தில் சொன்னாள். இதே வசனத்தை நான் இதே நகரத்தில் எத்தனை பேருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன், அந்த வழமையாக என்ற சொல்லுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், சிலரின் முகங்கூட நினைவிருக்கிறது. கிளின்ரன் அதை, எல்லாம் நல்லபடியாக முடியக்கூடும் என்று சொன்னான். அது பிழை. ஒரு சொல்லால் பாரத்தைக் கூட்டிவிட்டான். திருத்த வாய் வரைக்கும் வந்தது, ஆனால் திருத்தி என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்து விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது ரீபான் ரெயிலில் அப்பா கேட்டார், உவன் கிளின்ரன் முடியக்கூடும் எண்டவன், அது ஓமெண்டோ இல்லையெண்டோ என்று. ஓமெண்டுதான் என்றேன். அப்ப ஏன் ஓமெண்டு சொல்லேல்லை என்றார். அந்தக் கதையில் ரொம்மனைத் தவறவிட்டு ஸ்டோவ்னரில் போய் இறங்கினோம். ஒரு தரிப்புத்தான், முந்தியென்றால் பேசிக்கொண்டே நடந்து வந்திருப்போம். அப்பா மேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, அடுத்த ரெயில் வரட்டும் என்றார். அவர் பக்கத்தில் இருந்தபோது அந்தக் கோயம்புத்தூர்ப் பெரியவரை நினைத்தேன். அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். எங்களுடைய பாஷையில் ஒரு சபை நிச்சயமாக ஒன்றுசேருவதற்கும், ஒரு காரியம் நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்பதற்கும் ஒரே சொல்தான்.

கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டுதரம் வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ராகவிக்குத் திகதியைச் சொல்லு, ஒளிக்க வேண்டாம், ஆனா வா எண்டு மட்டும் எழுதிப்போடாதை, அவள் கால் ஊண்டுற நேரம் என்றார். நான் சொல்லேல்லை எண்டால் அவள் கேட்பாளே, அப்ப என்ன சொல்லுறது என்றேன். நீதானே மொழிபெயர்க்கிறனீ, உனக்குத் தெரியாத சொல்லோ என்று சிரித்தார். போனமுறை நெஞ்சைத் திறந்தபோது கண் விழித்து முதலில் பார்த்தது உன்னைத்தான் என்பதை அவர் மறக்கவில்லை. உனக்கு அப்போது பதினெட்டு. குழாய் எடுத்த கையோடு, நேற்றுப் பரீட்சை என்னண்டு என்று உன்னிடம் கேட்டார், நீ பரீட்சைக்கே போகாமல் அங்கே நின்றாய் என்பது அவருக்குப் பிறகுதான் தெரியும். இன்னொரு பரீட்சையைக் கெடுக்கக் கூடாது என்று அதை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். நான் அவருக்குச் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வேண்டாம் என்று எழுதுவதாக ஒருவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் அதையும் எழுத முடியவில்லை, இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். வந்தால் உன் வேலைக்கு நான் பொறுப்பு, வராமல் விட்டு ஏதாவது நடந்தால் அதற்கும் நான் பொறுப்பு, ஒன்றுக்கும் பொறுப்பில்லாத ஒரு வசனம் இருக்கிறதா என்று தேடுகிறேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் அழுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். சும்மா மேசையில் இருக்கிறேன், இப்போது பின்னேரம் நாலரை, வெளியே இருட்டிவிட்டது.

மற்றப் புதினங்கள் பெரிதாக இல்லை. அப்பா உப்பில்லாத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார், நான் பார்க்காதபோது ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கிறார் என்று மூடியைப் பார்த்தால் தெரிகிறது. சிறீஸ்கந்தராசா மாமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து செய்தி பார்த்துக்கொண்டு உலகத்தைத் திட்டிவிட்டுப் போகிறார், அதுதான் அப்பாவுக்கு நல்ல மருந்து. கீழ்மாடி மக்டலீன் அன்ரி மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாவாம். உங்களுக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை எண்டு தெரியும், நான் என்ரை பாட்டிலை வைக்கிறன், நீங்கள் தடுக்காமல் இருந்தாப் போதும் என்றா. வழமையாக ஏதாவது சொல்லியிருப்பேன், இந்தமுறை நன்றி என்று மட்டும் சொன்னேன். நீ நின்றுகொண்டு சாப்பிடுகிற பழக்கத்தை விடு. முதல் நாள் சபையில் எல்லோரும் அவசரப்படுவார்கள், நீ அவசரப்பட்டு எதிலும் கையெழுத்து வைக்காதே, எழுதியதை ஒருதரம் உரத்து வாசித்துப் பார், கண்ணுக்குத் தெரியாத பிழை காதுக்குத் தெரியும்.

நீ எங்கே நின்றாலும் எங்கள் இருவருடைய ஆசியும் உன் தலைமேல் இருக்கும், உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள். இரண்டாந் திகதி காலையிலேயே நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம், வீடு பூட்டியிருக்கும். ஒரு திறப்பை மக்டலீன் அன்ரியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், உன் அறையில் ஹீற்றரும் போட்டிருக்கிறேன். ஆருக்கு இந்தத் திறப்பு, மகள் வாறாளோ இல்லையோ என்று அவ கேட்டா. வரக்கூடும் என்று சொன்னேன்.

அன்புடன்,
அம்மா