முப்பத்தொரு வீட்டிலும் ஒரே பதில்

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அந்தத் தில்லிக் குளிரில் நீயும் அப்படியே இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். அப்பாவுக்கு ஆட்டோ ஓட்டம் பரவாயில்லை, பௌர்ணமி கிரிவலக் கூட்டம் முடிந்து இரண்டு நாள் முதுகுவலி என்று படுத்திருந்தார், இப்போது எழுந்து நடமாடுகிறார். இதோடு நீ கேட்ட தாள்கள் முப்பத்தொன்றும் வருகின்றன, மல்லாட்டையை வறுத்து வெல்லம் போட்டுப் பிடித்த உருண்டையும் வைத்திருக்கிறேன், அறையில் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்துச் சாப்பிடு. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். எதிரில் ஆள் இருந்தாலே எனக்குப் பேச்சு வராது, நீ கோபமாக இருந்தால் சுத்தமாக வராது. எழுதினால்தான் எனக்கு எல்லாம் வரிசையாக வரும்.

தீபாவளிக்கு வந்தபோது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. விலை இல்லாத பொருளை ஜனங்கள் வீணாக்குவார்கள், அதனால் ஓர் ஏரியோ காடோ ஜனங்களுக்கு எவ்வளவு பெறும் என்று தெரிய, அதைக் காப்பாற்ற நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்பது உன் சுற்றுச்சூழல் பொருளாதாரப் படிப்பில் ஒரு முறை என்றாய். உள்ளவர் அதிகம் சொல்வார், இல்லாதவர் கம்மியாகச் சொல்வார், அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கட்டுரை எழுதுவேன் என்றாய். கீழ்பென்னாத்தூர் பக்கம் என் அம்மா வீட்டு ஊர் ஏரிக்கு அதைக் கேட்டுத் தரச் சொல்லி என்னிடம் கேள்வித்தாள்களைக் கொடுத்தாய். ஒவ்வொரு வீட்டிலும் தனியாகக் கேள், நீயாகத் தொகை எதையும் சொல்லாதே என்று படித்துப் படித்துச் சொன்னாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன் கவி. நீ சொன்னபடிதான் செய்தேன்.

முதல் வீடு கன்னியம்மாள் சின்னம்மா வீடு. கேள்வியை நான் படித்துக் காட்டியதும் "தலைக்கட்டுக்கு எவ்ளோ போட்டுக்கிறாங்க?" என்று கேட்டது. இல்லை சின்னம்மா, இது ஊர் வரி இல்லை, யாரும் வசூல் பண்ணவில்லை, சும்மா நினைத்துப் பார்த்துச் சொல்லு என்றேன். "நெனச்சுப் பாக்கறதுக்கு எதுக்குடி பேரு, கையெழுத்து?" என்றது. உடனே "ஆதிமூலத்தைக் கேட்டுக்கினு சொல்றேன், நீ காப்பி குடி" என்று எழுந்து போய்விட்டது. ஆதிமூலம் அண்ணன்தான் இப்போது ஊர் வரி பிரிக்கிறவர், ஏரிக்கடியில் ஏழு ஏக்கர் வைத்திருக்கிறார். நான் மூன்றாவது வீட்டைத் தாண்டுவதற்குள் பால் சொசைட்டி வாசலில் எல்லாரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள், தலைக்கட்டுக்கு ஐந்நூறு என்று. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் ஐந்நூறுதான். முதல் மூன்று வீட்டுக்காரர்களும் என்னைத் தேடி வந்து, ஐந்நூறு என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

ரேணுகாம்பாளை உனக்குத் தெரியும், புருஷன் இல்லாமல் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு பிழைக்கிறவள், ஒரு சென்ட் நிலம் கிடையாது. அவளிடம் மட்டும் மெதுவாக, உன்னால் முடிந்ததைச் சொல் அக்கா, கம்மியாகச் சொன்னாலும் தப்பில்லை என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கம்மியா எழுதினியானா நான் ஊர்ல பாதி ஆளுன்னு ஆயிடும். ஏரி மீன் பிடிச்சா எனக்கும் முழுப் பங்குதானே குடுக்கறாங்க? எழுதுடி ஐந்நூறு" என்றாள். ஆதிமூலம் அண்ணனிடம், நீங்கள் ஏழு ஏக்கர் பாய்ச்சுகிறீர்களே, கொஞ்சம் ஜாஸ்தி சொல்லக்கூடாதா என்று கேட்டேன். எப்படித்தான் கேட்டேனோ. அவர் சிரித்துவிட்டு "நான் ஆயிரம்னு எழுதினேன்னு வை, நாளைக்கு மதகைத் தெறக்கறதும் மூடறதும் எங்க ஊட்டு இஷ்டம்னு என் புள்ளையே பேசுவான். வாணாம்மா" என்றார். இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் தாளின் பின்பக்கம் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

புதன்கிழமை போனில் இதைச் சொன்னதும் நீ, "எல்லாம் ஒரே நம்பரா இருந்தா சார் நம்புவாராம்மா? நீயே உக்காந்து எழுதிட்டன்னு சொல்லுவாரு" என்றாய். அப்புறம், "கொஞ்சம் மாத்திப் போட்டுடும்மா, நூறு, இருநூறு, ஆயிரம்னு, யாருக்குத் தெரியப் போவுது" என்றாய். இந்த மார்க் போனால் உதவித்தொகையே போய்விடும் என்று அழுதாய். நான் சரி என்றேன். நீ அழும்போது எனக்கு வேறு எதுவும் வாயில் வராது.

மறுநாள், நான் மனு எழுதும் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் இல்லாத நேரம் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மனு எழுதிப் பழகிய கை அல்லவா, தொகையை மட்டும் பென்சிலில்தான் எழுதியிருந்தேன், அழித்தால் தெரியாது. ரப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் வந்தது ரேணுகாம்பாள் தாள். நூறு என்று போட்டால் உன் கட்டுரைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும், ஏழை கம்மியாகச் சொல்வாள் என்றுதானே உன் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் அவள் கையெழுத்து அதற்குக் கீழே இருக்கிறது கவி. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறவர்களுக்குப் பத்து வருஷமாக மனு எழுதுகிறேன். அவர்கள் சொல்லாததை நான் எழுதினால் அதிகாரி முன்னால் முழிப்பது அவர்கள்தான். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு தபாலில் படித்து வாங்கியது. அந்தப் படிப்பை நம்பித்தான் அந்த முப்பத்தொரு பேரும் படித்துப் பார்க்காமல் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அதனால் போனில் சொன்ன சரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முப்பத்தொன்றிலும் ஐந்நூறு என்று பேனாவால் எழுதிவிட்டேன், இனி அழிக்க முடியாது. என் மேல் கோபம் வந்தால் வரட்டும். உங்கள் சாரிடம் பின்பக்கத்தையும் படிக்கச் சொல். உன் அம்மா எழுதியதா என்று கேட்டால், ஆமாம், அவர்கள் சொன்னதை எழுதினாள் என்று சொல். அவர் நம்பாவிட்டால் என் நம்பரைக் கொடு. இந்தி எனக்குத் தெரியாது, இங்கிலீஷ் திக்கித்திக்கித்தான் வரும், ஆனாலும் பேசுகிறேன். மார்க் குறைந்து உதவித்தொகை போனால் போகட்டும், மீதிப் படிப்புக்கு வழி பார்ப்போம் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். உன்னுடையது மரம் நடுற படிப்பா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு இத்தனை நாள் என்னால் பதில் சொல்ல முடிந்ததில்லை, இந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு கொஞ்சம் சொல்ல முடியும் போலிருக்கிறது.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ராத்திரியில் வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. தாள்களை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க மறக்காதே, ஒன்றையும் விடாமல், இருக்கிறபடியே. நீ நன்றாக வருவாய், எல்லாச் சிறப்பும் பெற்று நீடூழி வாழ அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
நாளை முதல் போனைக் கையிலேயே வைத்திருக்கப் போகும் உன் அம்மா,
மு. சந்திரகலா, பி.ஏ.